அடுப்பில்லா உணவு: ஒரு வேளையில் தொடங்கி பத்துப் பேருக்குப் பரிமாறுவது வரை

இயற்கை உணவு, பச்சை உணவு, அடுப்பில்லாச் சமையல் என்று பல பெயர்களில் நம் ஊரில் பலர் இதைத் தொடங்குகிறார்கள். பாதிப்பேர் ஒரு வாரத்துக்குள் பசி தாங்காமல் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலருக்கு வயிறு கெட்டுப்போகிறது; அதை "கழிவு வெளியேறுது" என்று எண்ணி மேலும் இரண்டு நாள் ஓட்டுகிறார்கள். இரண்டையும் தவிர்க்க முடியும். படிகளை வரிசை மாற்றாமல் செய்வதுதான் வழி.

1. எல்லையை முதலில் வரையுங்கள்

"சமைக்காதது" என்று சொன்னதும் அவல், வெல்லம், முந்திரி என்று பட்டியல் போடுவோம். ஆனால் அவலுக்கு நெல்லை ஊறவைத்து, வறுத்துத்தான் இடிக்கிறார்கள். வெல்லம் கொப்பரையில் கொதித்து வந்தது. முந்திரியின் தோட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருப்பதால், உடைப்பதற்கு முன்பே அதை வேகவைத்தோ வறுத்தோ விடுவார்கள். கறாராகப் பார்த்தால் மூன்றுமே பச்சை அல்ல.

இதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், நடுவில் யாராவது கேட்கும்போது தடுமாறுவீர்கள், அல்லது அவலையும் விலக்கிவிட்டுப் பட்டினி கிடப்பீர்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்ற விதி இது: வீட்டில் அடுப்பு பற்றவைக்காமல் செய்யக்கூடியது எதுவும் சேரும். அவல், வெல்லம், தயிர் மூன்றும் உள்ளே. பச்சைப்பாலும் பச்சைமுட்டையும் வெளியே. காய்ச்சாத பாலில் காசநோய், புருசெல்லா போன்ற கிருமிகள் வரலாம். பால் வேண்டுமென்றால் காய்ச்சியதே.

2. யார் இதில் இறங்கக் கூடாது

இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளையைக்கூட மாற்ற வேண்டாம். மாத்திரையின் அளவு வழக்கமான இட்லி, சோற்றுக்குக் கணக்கிட்டது. தட்டில் வெள்ளரியும் கேரட்டும் மட்டும் இருந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். பழமாகவே சாப்பிட்டால் எதிர்ப்பக்கம் ஏறும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீர், வாழைப்பழம், கீரைச்சாறு எல்லாமே பொட்டாசியம் மூட்டை. நட்சத்திரப் பழத்தை அவர்கள் தொடவே கூடாது. அதிலுள்ள நஞ்சை வெளியேற்ற அவர்களது சிறுநீரகத்தால் முடியாது, மூளை வரை பாதிக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டினால் மாத்திரையின் வேலை குறையும். கீரையிலுள்ள வைட்டமின் கே அதற்கு எதிராக வேலை செய்கிறது.

கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், தள்ளாத வயதினர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்குப் பழம் போதும். முளைப்பயறு வேண்டுமென்றால் ஆவியில் வெந்ததாகக் கொடுங்கள்.

3. முன்னேற்பாடாக வேண்டியவை

புதிதாக வாங்க வேண்டியது அதிகமில்லை. நல்ல துருவி ஒன்று, கூரான கத்தி, தேங்காய்த் துருவி, மிக்ஸி, வடிகட்டி. முளைகட்ட வெள்ளைப் பருத்தித் துணி இரண்டு. ஒன்று காயும்போது மற்றொன்று. சாயத்துணி வேண்டாம், ஈரத்தில் சாயம் இறங்கும். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் முதல் இரண்டு வாரம் பெரிய உதவி. "ஒரு கைப்பிடி" என்பது ஒவ்வொரு கைக்கும் ஒரு கணக்கு.

வீட்டில் கறி, மீன் சமைப்பதாக இருந்தால் வெட்டும் பலகை தனியாக வேண்டும். மீன் வெட்டிய பலகையில் உருளைக்கிழங்கு நறுக்கினால் பிறகு வேகும்போது சரியாகிவிடும். அதே பலகையில் வெள்ளரி நறுக்கினால் அதற்குப் பிறகு எந்தச் சூடும் இல்லை. சமையலில் அடுப்பு மன்னித்துவிடும் தவறுகளை இங்கே மன்னிக்க யாரும் இல்லை.

காபி குடிப்பவராக இருந்தால் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பாதியாகக் குறையுங்கள். காரணம் 10-ஆம் படியில் வரும்.

4. பச்சையாகத் தொடக் கூடாதவை

"இயற்கை கொடுத்தது எல்லாம் பச்சையாகவே நல்லது" என்று எண்ணுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

ராஜ்மாவைப் பச்சையாகவோ முளைகட்டியோ சாப்பிடக் கூடாது. நாலைந்து விதைகளே கடும் வாந்தி, பேதியைக் கொண்டுவரப் போதும். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். மொச்சை, சோயா, தட்டைப்பயறு மூன்றையும் வேகவைத்தே சாப்பிடுங்கள். சிறுதானியத்தை முளைகட்டும் பழக்கம் இருந்தால் சோளத்தை மட்டும் விலக்கிவிடுங்கள். முளைவிடும் சோளத்தில் சயனைடைத் தரும் சேர்மம் உருவாகிறது. மரவள்ளிக் கிழங்கிலும் அதே ஆபத்து. சேனை, சேப்பங்கிழங்கு, கருணை மூன்றும் நாக்கையும் தொண்டையையும் அரித்து எடுத்துவிடும். உருளைக்கிழங்கு, காளான், கத்தரிக்காய் அடுப்புக்கே போகட்டும்.

சுரைக்காய்ச் சாறுக்குத் தனி எச்சரிக்கை. சில சுரைக்காய்களில் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு மிகுந்துவிடும். கசந்த சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் இந்தியாவில் உண்டு. நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் குப்பையில் போடுங்கள். தேன் கலந்து, எலுமிச்சை பிழிந்து "மருந்துக் கசப்பு" என்று குடிக்க வேண்டாம். வெள்ளரி, பீர்க்கு, புடலைக்கும் இதே சோதனைதான். பாகற்காய் மட்டும் விலக்கு. அதன் கசப்பு வேறு வகை.

நிலக்கடலையில் சுருங்கியது, கருத்தது, பூஞ்சை படர்ந்தது, கசப்பது எதுவாக இருந்தாலும் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைத் தாக்கும், ஊறவைத்தாலும் போகாது. தேங்காயில் உள்ளே மஞ்சள் பூத்திருந்தால் அதையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

5. கழுவும் முறை

மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை. பூச்சியும் புழுவும் மிதந்து வரும், உண்மைதான். கிருமி அதற்கெல்லாம் அசையாது. வேலை செய்வது ஓடும் தண்ணீரும் உங்கள் விரலும்.

முதலில் மண்ணைக் கழுவி வடியுங்கள். இரண்டாவதாக ஒவ்வொன்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுங்கள். கேரட், பீட்ரூட், முள்ளங்கிக்குத் தோல் சீவுவதற்கு முன்பும் பின்பும் என்று இரண்டு தடவை. முன்பே கழுவாவிட்டால் கத்தி மண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வெள்ளரி, தர்பூசணிக்கும் வெட்டுவதற்கு முன் கழுவுதல் கட்டாயம். கடைசி அலசலுக்குக் குடிக்கும் தண்ணீர்.

முட்டைக்கோஸை முழுசாகக் கழுவுவதில் பயனே இல்லை. வெளி இலைகள் மூன்றை எறிந்துவிட்டு, மீதியை இதழ் இதழாகப் பிரித்து ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். கழிவுநீர் பாய்ந்த தோட்டத்துக் காய்கறியில் பன்றி நாடாப்புழுவின் முட்டை ஒட்டியிருக்கலாம். அது உள்ளே போனால் மூளை வரை சென்று வலிப்பைக் கொண்டுவரும். இதழ் இதழாகக் கழுவப் பொறுமை இல்லாத நாளில் கோஸைப் பொரியலாக்கிவிடுங்கள். புதினா, கொத்தமல்லியையும் வேரோடு கட்டாகக் கழுவாமல் ஆய்ந்த பிறகு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள்.

6. முளைகட்டுதல்

இந்த உணவுமுறையின் முதுகெலும்பு முளைப்பயறுதான். அதிகம் கெட்டுப்போவதும் இதுதான். ஈரம், வெதுவெதுப்பு: முளைவிட எது வேண்டுமோ அதுவே கிருமி பெருகவும் வேண்டும். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈ.கோலி தொற்றில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே பாட்டி காலத்துப் பழக்கம் என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

பச்சைப்பயறில் தொடங்குங்கள். 100 கிராம் எடுத்துக் கல், உடைந்தது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்குங்கள். உடைந்த பயறு முளைக்காது. ஊறி அழுகும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். மூன்று முறை கழுவி, 400 மில்லி குடிநீரில் 8 மணி நேரம் ஊறவையுங்கள். கோடையில் 6 மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் தண்ணீரில் நுரை தட்டும். புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள். "சத்து போய்விடுமே" என்று குடிக்க வேண்டாம். வாயுவை உண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கிறது. பயறை இரண்டு முறை அலசி வடிகட்டியில் பத்து நிமிடம் வைத்து நன்றாக வடியவிடுங்கள். அவசரத்தில் பலரும் தாண்டிவிடும் படி இது. சொட்டச் சொட்டக் கட்டினால் அடியில் உள்ள பயறு மூச்சு முட்டி வழவழக்கும்.

துணியைக் கொதிநீரில் முக்கிப் பிழிந்து ஆறவைத்து, பயறைத் தளர்வாக மூட்டை கட்டுங்கள். பயறு இரண்டு மடங்குக்கு மேல் பெருகும், இடம் வேண்டும். மூட்டையைத் துளையுள்ள வடிதட்டில் வைத்து மேலே ஒரு தட்டு மூடுங்கள். டப்பாவில் இறுக்கி மூடி வைப்பது தவறு. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துக் குடிநீரில் அலசி, வடித்து, மறுபடி கட்டுங்கள். முளை அரை சென்டிமீட்டர் வந்ததும் நிறுத்திவிடலாம். சென்னை, மதுரை வெயிலில் 10 முதல் 12 மணி நேரம், மார்கழியில் 18 வரை ஆகும். 100 கிராம் பயறு 220 முதல் 250 கிராம் வரை வரும்.

கொண்டைக்கடலைக்கு 12 மணி நேரம் ஊறலும் அதன்பின் ஒரு நாளும் தேவை. முளைத்த பிறகும் கடிக்கக் கடினமாக இருக்கும், வாயுவும் அதிகம். ஒரு வேளைக்கு 30 கிராமைத் தாண்ட வேண்டாம். கொள்ளும் அப்படியே. நிலக்கடலையை முளைகட்ட வேண்டியதில்லை, 6 மணி நேரம் ஊறினாலே இனிக்கும்.

மூக்குதான் நீதிபதி. நல்ல முளைப்பயறில் பச்சை வாசனை வரும். புளித்த வாடை, விரலில் நூலாக ஒட்டும் வழவழப்பு இருந்தால் அலசித் தப்பிக்கப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். நன்றாக வந்ததை உடனே ஃபிரிட்ஜில் வைத்து ஒரே நாளில் முடியுங்கள். மணமும் நிறமும் சரியாக இருந்தாலும் விதைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் கிருமியை எந்தக் கழுவலும் நீக்காது. ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் ஆபத்து பெருமளவு குறையும். வீட்டில் வயதானவர் இருந்தால் "பச்சை" என்ற பிடிவாதத்தை இந்த ஒன்றில் விட்டுக்கொடுங்கள்.

7. வயிறு நிறையும் கணக்கு

200 கிராம் வெள்ளரியும் 100 கிராம் கேரட்டும் ஒரு பெரிய தட்டை நிரப்பிவிடும். அதில் கிடைப்பதோ சுமார் 70 கலோரி. பதினொரு மணிக்குக் கண் இருட்டுவதற்குக் காரணம் உங்கள் மன உறுதியில் இல்லை, இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஒரு வேளைத் தட்டை இப்படி அமையுங்கள். 60 கிராம் அவல், 50 கிராம் தேங்காய்த் துருவல், ஒரு வாழைப்பழம், நான்கு பேரீச்சை. இது ஏறக்குறைய 550 கலோரி. இதோடு 100 கிராம் முளைப்பயறு சேர்த்தால் புரதமும் பத்து கிராம் அளவில் கூடும். வெள்ளரியும் தக்காளியும் இதற்குப் பக்கவாத்தியம்தான், கச்சேரி அல்ல. எப்போதும் மாவுப்பொருள் ஒன்று, கொழுப்பு ஒன்று, பயறு ஒன்று என்று மூன்றையும் தட்டில் வைத்த பிறகே காய்கறி.

கேரட்டைத் தேங்காயோடு சேர்த்துச் சாப்பிடுவதற்கும் காரணம் உண்டு. அதிலுள்ள கரோட்டினைக் குடல் உறிஞ்சக் கொழுப்பு வேண்டும். பயறின் மேல் எலுமிச்சை பிழிவதும் சுவைக்காக மட்டுமல்ல. வைட்டமின் சி பயறிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும்.

கெட்டி அவலை அலசி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு 10 நிமிடம் வைத்து வடியுங்கள். மெல்லிய அவலுக்குத் தெளித்தாலே போதும், ஊறவைத்தால் கூழாகிவிடும். சிவப்பு அவலுக்கு 20 நிமிடமாவது வேண்டும்.

8. எந்த வேளையை முதலில் மாற்றுவது

நாள் முழுவதையும் ஒரே அடியாக மாற்றுவதுதான் வழக்கமான தவறு. குடலுக்கு நார்ச்சத்து திடீரென இரட்டிப்பானால் வயிறு உப்பி, பேருந்தில் உட்கார முடியாது.

முதல் வாரம் காலை உணவை மட்டும் மாற்றுங்கள். காலையில் வயிறு காலியாக இருக்கும், அவலும் பழமும் எளிது, மதியம் சோறு வரும் என்ற தைரியமும் இருக்கும். இந்த வாரம் முளைப்பயறு 30 கிராம் போதும்.

இரண்டாம் வாரம் மாலைச் சிற்றுண்டியையும் சேர்த்து மாற்றுங்கள். பஜ்ஜி, பிஸ்கட் இடத்தில் ஊறிய கடலை, பழம், பேரீச்சை உருண்டை. முளைப்பயறை 60 கிராமாக்கலாம்.

மூன்றாம் வாரம் இரவு உணவு. ஏழரை மணிக்குள் முடித்துவிடுங்கள். பச்சைக் காய்கறி செரிக்க நேரமெடுக்கும், படுத்ததும் நெஞ்சைக் கரிக்கும். மதியச் சாப்பாட்டில் கைவைக்க வேண்டாம். அலுவலகத்தில் எல்லோரும் சாம்பார் சாதம் திறக்கும் நேரத்தில் முள்ளங்கி கடிப்பது உணவுப் பிரச்சினை என்பதைத் தாண்டி ஊர்ப் பிரச்சினையாகிவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த இடமே போதுமான முடிவு. முழுக்க முழுக்கப் பச்சை உணவில் வருடக்கணக்கில் இருப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஜெர்மனியில் இப்படி நீண்டகாலம் இருந்தவர்களிடம் எடுத்து 1999-ல் வெளிவந்த ஆய்வில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறியோ நின்றோ போயிருந்தது. எடை குறைந்துகொண்டே போவதுதான் அதன் முதல் அடையாளம். தாவர உணவில் வைட்டமின் பி12 கிடையாது. பால், தயிரையும் விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும்.

9. பச்சைப் பொரியலும் உப்பின் நேரமும்

துருவிய கேரட், பொடியாக நறுக்கிய இளம் பீர்க்கங்காய், பிஞ்சு வெண்டை, புடலை, கோவைக்காய், நூல்கோல், வாழைத்தண்டு எல்லாம் பச்சையாக ருசிக்கும். வாழைத்தண்டை நறுக்க நறுக்க மோரில் போடுங்கள், இல்லாவிட்டால் கருக்கும். நாரை விரலில் சுற்றி எடுத்துவிடுங்கள்.

நான்கு பேருக்கு 400 கிராம் காய், 60 கிராம் தேங்காய்த் துருவல், ஒரு பச்சைமிளகாய், ஒரு அங்குல இஞ்சி, பத்துக் கறிவேப்பிலை பொடியாக அரிந்தது, அரை எலுமிச்சை, அரைத் தேக்கரண்டி மிளகு சீரகப் பொடி. வறுத்த வாசனைக்குப் பழகிய நாக்குக்கு இஞ்சியும் கறிவேப்பிலையும்தான் ஈடு. அவற்றைக் குறைத்தால் "புல் மாதிரி இருக்கு" என்ற பேச்சு வரும். ஒரு கரண்டி கடுகு தாளித்துக் கொட்டிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கொட்டுங்கள். ராமநவமிக்குச் செய்யும் வடைப்பருப்பிலும் பாசிப்பருப்பு ஊறியதுதான், தாளிப்பு மட்டும் சூடு.

உப்பைப் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு சேர்ப்பதே சரி. முன்னாலேயே போட்டால் காயிலுள்ள தண்ணீரை உப்பு வெளியே இழுக்கும். அரைமணியில் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டும், காய் துவண்டுவிடும். வெள்ளரி, தக்காளிக்கு இது இரு மடங்கு உண்மை. பீட்ரூட்டைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே சிவக்கும்.

10. உடம்பு சொல்வதைச் சரியாகப் படியுங்கள்

முதல் இரண்டு நாளில் மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தால், "நச்சு வெளியேறுது" என்று மகிழ வேண்டாம். காபியை நிறுத்தினீர்களா என்று பாருங்கள். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் நாள் உச்சம் தொட்டு, ஒரு வாரம் வரை நீடிக்கும். இதற்காகத்தான் முன்கூட்டியே பாதியாக்கச் சொன்னது. காபியே குடிக்காதவருக்குத் தலைவலி என்றால் பெரும்பாலும் பசி.

வயிறு உப்புசமும் சற்று இளகலாகப் போவதும் நார்ச்சத்து கூடியதால் வருவது. பயறைப் பாதியாகக் குறைத்தால் மூன்று நாளில் அடங்கும். ஆனால் தண்ணீராகப் போவது, காய்ச்சல், ரத்தம், விடாத வாந்தி எதுவும் சுத்திகரிப்பு இல்லை; தொற்று. உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கீரையைப் பச்சையாக அரைத்து தினம் குடிப்பதையும் நிறுத்துங்கள். பசலையிலும் தண்டுக்கீரையிலும் உள்ள ஆக்சலேட் சிறுநீரகக் கல் உள்ளவரைப் படுத்தும்.

11. பத்துப் பேருக்கான அளவு

நீங்களே ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்த்த பிறகு, முளைப்பயறு மூன்று முறையாவது கெடாமல் வந்த பிறகு, அடுத்தவரைக் கூப்பிடுங்கள். முதல் தடவையே ஐம்பது பேருக்குச் செய்ய ஆசைப்பட வேண்டாம். வீட்டுத் துணியிலும் வடிதட்டிலும் இரண்டு கிலோ பயறை ஒழுங்காக முளைகட்ட முடியாது; நடுவில் உள்ளது சூடேறிக் கெடும்.

பத்துப் பேர் மதியச் சாப்பாட்டுக்கு: பச்சைப்பயறு 400 கிராம், 200 கிராம் வீதம் இரண்டு மூட்டையாக. கெட்டி அவல் 500 கிராம், தேங்காய்ப்பாலுக்குத் தேங்காய் 3, நாட்டுச்சர்க்கரை 250 கிராம், வாழைப்பழம் 10. பச்சைப் பொரியலுக்குக் கேரட் 500, இளம் பீர்க்கங்காய் 500 கிராம், தேங்காய் ஒன்று. தயிர்ப்பச்சடிக்கு வாழைத்தண்டு ஒரு முழம், தயிர் அரை லிட்டர். வெள்ளரி ஒரு கிலோ. எலுமிச்சை 8, இஞ்சி 50 கிராம்.

பேரீச்சை உருண்டைக்குக் கொட்டை நீக்கிய பேரீச்சை 200, ஊறவைத்து ஒரு நாள் வெயிலில் காய்ந்த நிலக்கடலை 120, எள் 50, துருவிய கொப்பரை 30 கிராம், ஏலக்காய் நான்கு. கடலையையும் எள்ளையும் முதலில் கொரகொரப்பாகப் பொடித்துவிட்டு, அப்புறம் பேரீச்சையைப் போட்டு இரண்டு சுற்று. முதலிலேயே பேரீச்சையைப் போட்டால் மிக்ஸியின் கத்தியில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். 20 உருண்டை வரும். பச்சைத் தேங்காய் போட்டால் அன்றே முடிக்க வேண்டும், கொப்பரை போட்டால் நான்கைந்து நாள் தாங்கும்.

குடிக்கப் பானகம்: இரண்டரை லிட்டர் தண்ணீருக்கு 350 கிராம் வெல்லம், எலுமிச்சை 3, சுக்குப் பொடி இரண்டு தேக்கரண்டி. காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரையுங்கள். கடைப் பனிக்கட்டி வேண்டாம், எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாது.

இவ்வளவும் சேர்ந்தால் ஒருவருக்கு 800 கலோரிக்குக் குறையாது. வீட்டுக்குப் போய் யாரும் மறுபடி சாப்பிட மாட்டார்கள்.

12. நேரக் கணக்கு

ஞாயிறு மதியம் 12.30-க்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். சனி காலை 7 மணிக்குப் பயறை ஊறவையுங்கள், மாலை 3 மணிக்கு மூட்டை கட்டுங்கள். இரவு 9, அதிகாலை 3 என்று இரண்டு அலசல். 6 மணிக்குத் தயார், உடனே ஃபிரிட்ஜ். உருண்டையைச் சனிக்கிழமையே பிடித்துவிடலாம்.

ஞாயிறு 8 மணிக்குக் கழுவல். 10 மணிக்கு நறுக்கல், துருவல். நறுக்கியதை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். 11.45-க்குத் தேங்காய்ப்பால். ஒரு தேங்காய்க்கு 250 மில்லி தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் சுமார் 300 மில்லி கெட்டிப்பால் வரும். காலையிலேயே எடுத்துவைத்தால் வெயிலில் புளித்துவிடும், எல்லாவற்றையும் விட முதலில் கெடுவது இதுதான். 12.05-க்கு அவலை ஊறவையுங்கள். 12.20-க்கு உப்பு.

வெட்டிய பழமும் காயும் வெளியே இரண்டு மணி நேரம் இருக்கலாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் ஆண்டின் பாதி நாட்களுக்கு இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும். அகலத் தட்டில் பனிக்கட்டி பரப்பி அதன்மேல் கிண்ணத்தை வையுங்கள். பாதியை மட்டும் வெளியே எடுங்கள், தீர்ந்தபின் மீதி. நறுக்குபவர்களில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ கையில் காயமோ இருந்தால் அவருக்கு இலை போடும் வேலையைக் கொடுங்கள்.

13. கூப்பிடுவதும் பேசுவதும்

அழைக்கும்போதே இரண்டு கேள்வி: "கடலை ஒத்துக்குமா? சர்க்கரை மாத்திரை சாப்பிடறீங்களா?" ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் என்ன கலந்திருக்கிறது என்று சீட்டு எழுதி வையுங்கள். உருண்டையில் கடலை இருப்பது பார்த்தால் தெரியாது.

பெரியவர்களுக்காக ஒரு பாத்திரம் ரசம் சாதம் ஓரமாக இருக்கட்டும். "இன்னைக்கு இது மட்டும்தான்" என்று கட்டாயப்படுத்தினால் பெரியப்பா மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அடுத்த முறை வரமாட்டார். ரசம் இருக்கிறது என்று தெரிந்தால் அவரே பொரியலில் கைவைப்பார். பரிமாறும் வரிசையும் முக்கியம்: முதலில் பானகம், பிறகு இனிப்பான அவல், அதன்பின் பொரியலும் பயறும். பசியோடு வந்தவருக்கு முதலில் முளைப்பயறை நீட்டினால் முகம் சுளிக்கும்.

"இதைச் சாப்பிட்டால் சர்க்கரை போயிடும், மாத்திரையை விட்டுடலாம்" என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். நீங்கள் பேச்சுவாக்கில் சொன்னதை நம்பி ஒருவர் திங்கட்கிழமை மாத்திரையை நிறுத்திவிடுவார். யாராவது செய்முறை கேட்டால் முளைகட்டும் முறையை முதலில் கொடுக்காதீர்கள். அவல் செய்முறையைக் கொடுங்கள்; அதில் தவறு செய்தால் கூழாகும், அவ்வளவுதான்.

14. மிச்சம் மீந்தால்

தேங்காய்ப்பால் ஊற்றிய அவல், தயிர்ப்பச்சடி, வெளியில் வைத்த பொரியல் மூன்றையும் யாருக்கும் கட்டிக் கொடுக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மாலையாகிவிடும், இரவில் சாப்பிட்டு வயிறு கெட்டால் பழி இந்த உணவுமுறையின் தலையில் விழும். உருண்டை, முழுப் பழம் இரண்டும் கொடுத்தனுப்பலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுக்காத முளைப்பயறு மிஞ்சியிருந்தால் அன்றிரவே அடுப்பைப் பற்றவைத்துக் குழம்பில் போட்டுவிடுங்கள்.